ஏழாவது கோரிக்கை

துடியலூரில் ஒரு ஜிம் இருக்கிறது. முன்பு அது ஒரு நூற்பாலையின் கிடங்கு. அந்தக் கிடங்கில் நரசிம்மலு பதினேழு வருடம் நூல் மூட்டை தூக்கினார். தூக்கியதற்குக் கூலி கொடுத்தார்கள். இன்று அதே கூரைக்குக் கீழே கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பணம் கட்டி இரும்பு தூக்குகிறார்கள். சுமை தூக்குகிறவனிடமே காசு வாங்கலாம் என்பதைக் கண்டுபிடித்ததற்காக முதலாளி வர்க்கத்துக்கு ஒரு சிலை வைக்கலாம்.

நரசிம்மலுவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. அங்கேயே கோச்சாக இருக்கிறார்.

மில் ஓடிய காலத்தில் அவர் பெயர் 'டேய் நரசிம்மலு'. முதலாளி வெங்கடபதி அப்படித்தான் கூப்பிடுவார். கண்டக்டர் திட்டும்போதுகூட "எறங்கித் தொலைங்க" என்று மரியாதையாகத் திட்டுகிற ஊர் இது. வீட்டு நாயைக்கூட "வாங்க தங்கம், சாப்புடுங்க" என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே ஒரு 'ங்க' கிடைக்காமல் ஒரு மனிதர் பதினேழு வருடம் வேலை பார்த்திருக்கிறார். இத்தனைக்கும் முதலாளி வீட்டிலும் இவர் வீட்டிலும் பேசுவது தெலுங்குதான். தூரத்துச் சொந்தம் வேறு. அதனால் ஒரு சலுகை உண்டு: மில்லில் 'டேய்', கல்யாண மண்டபத்தில் அதையே தெலுங்கில் 'ஒரேய்'.

2006 வேலைநிறுத்தத்தில் சங்கம் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஏழாவதாக ஒரு வரி இருந்தது. 'தொழிலாளர்களை மரியாதையாக அழைக்க வேண்டும்.' அதை எழுதச் சொன்னது நரசிம்மலு. பேச்சுவார்த்தையில் போனஸ் பாதி கிடைத்தது. கேன்டீன் போண்டா கொஞ்சம் பெரிதானது. ஏழாவதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு மில்லையே மூடினார்கள்.

நரசிம்மலு மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்கு மூட்டை தூக்கப் போனார். இரண்டே வருடத்தில் முதுகு போயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண், அவர் கையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்தார். இடுப்பை மடக்குங்க, முதுகை நேரா வெச்சுக்குங்க, குதிகாலை ஊனித் தூக்குங்க என்றார். தூக்குவதற்கு ஒரு முறை உண்டு என்பதை அதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தூக்கு என்று மட்டும்தான் எல்லோரும் சொன்னார்கள். நரசிம்மலுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறது போல என்று அந்தப் பெண் கட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

கட்டையிலிருந்து காலிக் கம்பி, கம்பியிலிருந்து இரும்புத் தட்டு என்று ஏறி, பயிற்சி வகுப்பும் முடித்து, வெங்கடபதி ஜிம்மாக மாற்றியிருந்த பழைய கிடங்குக்கே கோச்சாக வந்து சேர்ந்தார். வந்த அன்றே ஒரு முடிவெடுத்தார். எடை தூக்குகிறவர் யாராக இருந்தாலும், தம்மிடம் அவருக்கு 'ங்க' உண்டு. காலேஜ் பையனுக்கும் உண்டு, கம்பெனி மேனேஜருக்கும் உண்டு. ஏழாவது கோரிக்கையை வேறு யாரும் நிறைவேற்றவில்லை. அவரே நிறைவேற்றிக்கொண்டார்.

தையல் யூனிட் நடத்தும் ஃபர்சானா அவரிடம் ஒரு வருடமாக வருகிறாள். வந்த புதிதில் கேஸ் சிலிண்டரை நகர்த்தவே ஆள் தேடியவள், இப்போது அறுபது கிலோ தூக்குகிறாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க அம்மணி."

"போதுங்கண்ணா, கை கழண்டுரும்."

"பேசறதுக்குத் தெம்பிருக்குதுங்களே, அதுல ஒண்ணு தூக்கிப்போடலாமுங்க."

"இது ஜிம்மா, கல்யாணப் பந்தியா? எலைய மூடுனாலும் வெச்சுட்டுத்தான் போவீங்க போல!"

திட்டிக்கொண்டே இன்னொன்று தூக்குவாள். நரசிம்மலுவின் கோச்சிங் முழுவதும் இந்தப் பந்தி உபசாரம்தான்.

இதில்தான் மண் விழுந்தது. வெங்கடபதியின் மகன் வம்சி ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்து ஜிம் நிர்வாகத்தைக் கையில் எடுத்தான். ஒரு வெள்ளிக்கிழமை நரசிம்மலுவை அறைக்குக் கூப்பிட்டான்.

"மாஸ்டர், உங்க பேட்ச்ல எனர்ஜியே இல்லீங்க. அங்கெல்லாம் கோச் கத்தறதுல கூரை அதிருமுங்க. நீங்க என்னடான்னா காப்பி குடிக்கறீங்களான்னு கேக்கற மாதிரி எண்ணறீங்க."

"எண்ணிக்கை சரியாத்தானுங்க இருக்குது."

"எண்ணிக்கை யாருக்குங்க வேணும்? அதட்டணுமுங்க. 'தூக்குடா டேய்'னு கத்தணுமுங்க. ஞாயித்துக்கெழம வீடியோ எடுக்கறோம். கத்துனா நீங்க கோச். இல்லாட்டி உங்க பேட்ச மதன்குமார் பாத்துக்கட்டுமுங்க."

மதன்குமார் இன்னொரு கோச். அவன் வணக்கம் சொன்னாலே நாலு தெரு திரும்பிப் பார்க்கும்.

"யாரைப் பாத்துங்க கத்தோணும்?"

"எங்கப்பாவத்தானுங்க. வயசானவர் தூக்குனா வீடியோ நல்லாப் போகுமுங்க."

வெங்கடபதிக்கு அறுபத்தெட்டு வயது. எலும்பு தேய்கிறது, எடை தூக்கினால்தான் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக, ஜிம்மில் ஆள் சேர்வதற்கு முன்பே காலையில் வந்து நரசிம்மலுவிடம் தூக்கிவிட்டுப் போகிறார். "டேய் நரசிம்மலு, அந்தத் தட்ட மாட்டுடா" என்பார். "மாட்டிட்டேனுங்க" என்பார் இவர்.

விஷயம் கேட்ட ஃபர்சானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணா, முதலாளியப் பாத்து 'டேய்'னு சொல்ல முதலாளி மகனே ஆர்டர் போட்டிருக்கான். இப்படி ஒரு யோகம் எவனுக்கு அமையும்? நல்லாக் கத்துங்க. நான் முன்னாடியே வந்து எடம் புடிச்சுக்கறேன்."

சனிக்கிழமை நரசிம்மலு குளியலறைக்குள் "தூக்குடா டேய்" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார். யாரோடு சண்டை என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள். பக்கெட்டோடு என்றார். பக்கெட்டிடம்கூட சரியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு இருபது பேர் கூடிவிட்டார்கள். வெங்கடபதி புது பனியன் போட்டு பெஞ்சில் மல்லாந்து படுத்தார். நெஞ்சுக்கு மேலே நாற்பது கிலோ. நரசிம்மலு தலைமாட்டில் நின்று, கம்பிக்கு அடியில் கை வைத்துக்கொண்டார். வம்சி செல்போனை நீட்டினான்.

முதல் இரண்டு தடவை கம்பி ஏறி இறங்கியது. மூன்றாவது பாதியில் நின்று நடுங்கியது. வம்சி கையை ஆட்டினான். கத்துங்க, இப்பக் கத்துங்க.

நரசிம்மலு மூச்சை இழுத்தார். பதினேழு வருடம் தொண்டை வரைக்கும் வந்தது.

"தூக்கு... தூக்குங்க! ஒண்ணே ஒண்ணுங்க!"

வம்சி நெற்றியில் அடித்துக்கொண்டான். தன் பேட்ச் போயிற்று என்பது நரசிம்மலுவுக்குப் புரிந்துவிட்டது. கம்பி இறங்க ஆரம்பித்தது.

"புடிக்கட்டுங்களா?"

வெங்கடபதி கண்ணை உருட்டிப் பார்த்தார். எதிரே செல்போன். சுற்றிலும் இருபது பேர். வெளியாள் நாலு பேர் முன்னால் இந்த ஊர்க்காரர் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"இருக்கட்டுங்க... உங்களுக்கெதுக்குங்க... செரமம்."

நரசிம்மலு அசந்துபோனார். இரண்டு 'ங்க'. அதற்கு மேல் ஓர் 'உங்களுக்கு'. இங்கே 'இருக்கட்டுங்க' என்றால் 'செய்யுங்க' என்றுதான் பொருள். காப்பி வேண்டாங்க என்பவருக்கு டம்ளரைக் கையில் திணிக்கிற ஊரில் அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நரசிம்மலுவுக்கு அந்த நொடியில் மறந்துவிட்டது. சொன்னதின் பொருளை விட்டுவிட்டு, அதிலிருந்த மரியாதையை எண்ணிக்கொண்டிருந்தார். கம்பிக்கு அடியில் கை இருந்தது. ஆள் இல்லை.

கம்பி நெஞ்சில் உட்கார்ந்தது.

"டேய் நரசிம்மலு! புடிடா டேய்!"

கூரை அதிர்ந்தது. நரசிம்மலு சட்டென்று கம்பியைத் தூக்கித் தாங்கியில் வைத்தார். வெங்கடபதிக்கு நெஞ்சில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். ஏழாவது கோரிக்கை சரியாக நாலு நொடி அமலில் இருந்தது.

வம்சி மட்டும் குதித்தான். "சூப்பருங்க! நான் கேட்ட எனர்ஜி இதுதானுங்க!"

சாயந்திரம் வீடியோ வந்தது. அப்பாவின் 'புடிடா டேய்' என்ற சத்தத்தை வெட்டி, நரசிம்மலுவின் முகத்தில் ஒட்டியிருந்தான். முன்னாள் மூட்டைக்காரர் முன்னாள் முதலாளியை அதட்டுவதாக ஊரே பார்த்துச் சிரித்தது. புதிதாக முப்பது பேர் அவர் பேட்சையே கேட்டுச் சேர வந்தார்கள். வேலை தப்பியது.

"அந்தச் சத்தம் என்னுது இல்லீங்களே," என்றார் நரசிம்மலு.

"அது யாருக்குங்க தெரியும்?" என்றான் வம்சி.

திங்கட்கிழமை காலை வெங்கடபதி வழக்கம்போல வந்து படுத்தார். நரசிம்மலு கம்பியைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"என்னடா இது?"

"பயிற்சிங்க. நேத்து நீங்க 'இருக்கட்டுங்க'ன்னீங்க, நானும் வேண்டாங்கறீங்களாட்டம்னு நின்னுபோட்டேனுங்க. தப்பு என்மேலதானுங்க. இனி அந்தக் கொழப்பம் ஆகாதுங்க. பயம் வர்றப்ப பழகுன வார்த்தைதானுங்க வாயில வரும். அதுனால ஒரே வார்த்தையப் பழகிக்கோணுமுங்க."

"என்ன வார்த்த?"

"'புடிங்க'. கட்டைய நெஞ்சுக்கு எறக்கி, 'புடிங்க'ன்னு சொல்லி, ஏத்தோணுமுங்க. பத்து தடவைங்க."

"சொல்லாட்டி?"

"மதன்குமாரைக் கூப்புடறேனுங்க. அவரு நல்லாக் கத்துவாருங்க. கம்பியப் புடிப்பாருங்களான்னு எனக்குத் தெரியாதுங்க."

வெங்கடபதி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கோடு இன்னும் எரிந்தது. அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ஃபர்சானா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புடிங்க."

"ஒண்ணுங்க."

"புடிங்க."

"ரெண்டுங்க. முழங்கை விரியுதுங்க, கொஞ்சம் உள்ள வெச்சுக்குங்க."

எட்டு வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவதில் கவனம் தப்பியது. கையில் இருப்பது துடைப்பக் கட்டைதான் என்றாலும் நாக்குக்கு அறுபத்தெட்டு வயது.

"புடிடா..."

நரசிம்மலு கட்டையைத் தொடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அது கணக்குல சேராதுங்க. மறுபடி ஒண்ணுல இருந்துங்க."