ஈரத்துக்குக் கழித்தது

கொட்டகலையில் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கடலைப் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பல நாட்டுக்காரர்கள். ஆராய்ச்சிக் கப்பல்கள் குறைகின்றன. இனி வரும் காலத்துக்குக் கடலில் எதை விடாமல் அளப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்க வேண்டும். வெப்பமும் உப்பும் போதும் என்றது ஒரு கட்சி. தண்ணீரில் கரைந்திருக்கும் ஒக்சிஜனையும் அளந்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்தக் கருவியைப் பராமரிப்பது பெரிய தலைவலி என்றார்கள். எனக்கு வந்த எரிச்சலில் மைக்கை அணைத்துவிட்டுத் தமிழில் திட்டினேன்.

கொழும்பில் கடல் ஆராய்ச்சி வேலையிலிருந்து நான் லீவில் வந்ததே அப்பாவுக்காகத்தான். அவருக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் சேர்ந்தால் எடை ஏறும், ஏறினால் உடனே கூட்டி வாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் அவரை நிறுப்பது அம்மாவின் பொறுப்பு. எப்போது கேட்டாலும் எடை அப்படியேதான் இருக்கிறது என்பார்.

கூட்டத்தின் இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். அப்பா படுக்க முடியாமல் கட்டிலில் குந்தியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தாங்கிப் பிடித்துத் தராசில் ஏற்றினேன். அடேயப்பா, முள் எங்கேயோ போய் நின்றது. இது என்ன கூத்து என்று அம்மாவைக் கேட்டேன்.

"மழ பேஞ்சுக்கிட்டே இருக்குல்ல. சுவட்டர், கம்பளி எல்லாம் ஈரம். ஈரத்துக்குக் கழிச்சேன்."

அம்மா ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மழை நாளில் மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கில் எழுதுவார்கள். அதற்காகக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்ற அதே அம்மா, அப்பாவை நிறுத்துவிட்டு நாளுக்கு நாள் கூடுதலாகக் கழித்திருக்கிறார். சத்தம் போட வாயைத் திறந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

கூட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீர் இறங்க ஊசி போட்டார்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"ஏறுதுன்னு எனக்குத் தெரியும் புள்ள. சொன்னா இங்க கொண்டாந்துருவீங்க. வந்தா ஒங்கப்பா திரும்பி வீட்டுக்கு வரமாட்டாங்கன்னு பயம்."

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா மேல் அன்றைக்குப் போல எனக்கு ஒருநாளும் பிரியம் வந்ததில்லை.

மறுநாள் வாக்கெடுப்பு. ஆஸ்பத்திரி வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு போனில் பேசினேன். தயார் செய்திருந்த வரைபடங்களைத் தொடவே இல்லை. ஒக்சிஜன் குறைந்துகொண்டு வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். பார்க்கப் பயமாக இருப்பதை முதலில் அளப்போம், தலைவலியைப் பிறகு பேசலாம் என்றேன். வாக்கெடுத்தார்கள். ஒக்சிஜன் தப்பியது. ஆனால் நம் பக்கக் கடலில் அளக்கும் இடங்களில் பாதியை வெட்டிவிட்டார்கள், பாவிகள்.

உள்ளே போனேன். அப்பா சாய்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா, நர்ஸ் மிஸ் காட்டிக் கொடுத்தபடி, அவர் கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். விழுந்த குழி மெதுவாக நிரம்புவதைக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் தண்ணி இருக்கு. மிஸ்ஸக் கூப்பிடு."