சூடு வடைக்கு ஓடிய மணிக்கூடு

பஸ்லான் என்ற பெயரை நாகலெட்சுமி முதன்முதலில் கேட்டது ஒரு கேலியோடுதான். பழனியாண்டியின் மூத்த மகளும் ராக்காயியின் மருமகளுமான அவள், தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்து, மலையகத்தில் கினிகத்தேனைக்கு மேலேயுள்ள பஜாரில் வடை சுட வந்த முதல் நாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அடுப்பை இறக்கினாளோ இல்லையோ, ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்:

"பஸ்லான் நானா, ஒங்க மணிக்கூட்டுல பத்து வருசமா ஒம்பதே கால்! எப்பதான் பத்து மணியாகும்?"

கோபுரத்தின் கீழறையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பஸ்லான் தலையை நீட்டினார். "ஒனக்கென்ன அவசரம், பொண்ணு பார்க்கவா போறே?"

போன வருடம் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது. கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்து விழா வைக்கிறார்கள். அன்றைக்கு மணிக்கூடு நின்றிருந்தால் பஸ்லான் அறையைக் காலி பண்ண வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளச் சபை கொடுத்து, முப்பது வருடம் இருந்த அறை. மணிக்கூட்டுக்கென்று கொழும்பில் சொல்லிவைத்த பல்சக்கரமோ வரவில்லை.

"மேல ஏறி நானே முள்ளைத் தள்ளுறேன்" என்றார் பஸ்லான். "கைய விட்டா முள்ளு தொங்கிரும், போன்ல மணி பார்க்க ஏலாது. தங்கச்சி, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா 'சூடு வடை'ன்னு கூவுங்க. ஒரு கூவலுக்கு அஞ்சு நிமிசம் தள்ளுறேன்."

"கூவுறதா? இந்த மலையில நின்னு அந்த மலை ஆளைக் கூப்பிட்ட தொண்டைங்க நானா இது!"

விழா பத்து மணிக்கு. முதல் நாலு கூவல் கச்சிதம். அப்புறம் சபையின் சேர்மன் பேச்சைத் தொடங்கினார், பனிமூட்டமும் இறங்கியது. குளிர் தாங்காத சனம் சட்டியைச் சுற்றிக்கொள்ள, நாகலெட்சுமி வியாபாரத்தில் எல்லாவற்றையும் மறந்தாள்.

"சூடு வடை! வாங்க, சூடு வடை! சூடு வடை!"

மூட்டம் விலகியபோது மேலே மணி பன்னிரண்டு.

"ஐயோ, பன்னெண்டுக்கு ஹட்டன்ல கூட்டம்!" சேர்மன் பேச்சைப் பாதியில் விட்டு ஜீப்புக்கு ஓடினார். சனம் விசிலடித்துக் கைதட்டியது.

அடுத்த வளைவிலேயே போனைப் பார்த்துவிட்டார் போல. ஜீப் திரும்பி வந்தது. உண்மையில் மணி பத்தே முக்கால்தான்!

நாகலெட்சுமி அகப்பையைக் கீழே வைத்தாள். தன் வாயாலேயே நானாவின் அறை போகப்போகிறதே!

"பஸ்லான்! இது மணிக்கூடா, பந்தயக் குதிரையா?" என்று சேர்மன் அண்ணாந்து கத்தினார்.

மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நிக்கக் கூடாதுன்னுதானே சேர் எழுதினீங்க. நிக்கல்லையே!"

சனம் மறுபடி கைதட்டியது. சேர்மனை எப்படியாவது குளிரவைக்க வேண்டுமென்று நாகலெட்சுமி தட்டை நீட்டினாள். "ஐயா, சூடு வடைங்க!"

பெரிய முள் ஒரு துள்ளு துள்ளியது.

சேர்மன் முள்ளைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தேர்தலும் பக்கத்தில் இருந்தது. "அறையிலயே இருந்து தொலை! ஆனா அடுத்த மாசத்துக்குள்ள இது தானா ஓடணும்."

பல்சக்கரம் இரண்டு கிழமையில் வந்தது. பஸ்லான் இன்றைக்கும் அந்தக் கீழறையில்தான் இருக்கிறார்.