நிலாவில் ஒரு ரவி

போன சனிக்கிழமை சாயங்காலம் க்யூவில் நின்றேன். ரேஷனுக்கு இல்லை... நிலாவைப் பார்க்க!

வலியசாலைப் பக்கம் இருக்கும் எங்கள் ரெசிடென்ஸ் அசோசியேஷன் ஓணத்துக்குக் கயிறு இழுக்கும், மற்ற நாட்களில் கொசு மருந்து அடிக்கும். இந்த முறை மொட்டை மாடியில் நிலா காட்டியது. செக்ரட்டரி விஜயகுமார் சாரிடம் சொந்தமாக ஒரு டெலஸ்கோப் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் எந்தத் தெருவில் தடுக்கி விழுந்தாலும் ஒரு ராக்கெட் ஆபீஸ்காரர் மேல்தான் விழ வேண்டும். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மட்டும் பாங்க்கிலிருந்து ரிட்டயர் ஆனவர்.

அன்று அரை நிலாதான். "இதைப் பௌர்ணமிக்கு வச்சிருக்கக் கூடாதா சார்?" என்றேன்.

"பௌர்ணமிக்கு ஒண்ணும் காணாது சேச்சி! வெயில் நேரே அடிச்சா எல்லாம் சப்பட்டை. நிழல் விழுந்தாத்தான் குழி தெரியும், கேட்டோ?"

கேட்டேன். ஆனால் மனசு அங்கே இல்லை. மறுநாள் காலையில் எனக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது.

என் தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டாம் நாள் சடங்கு. பிள்ளைக்கு இடுப்பில் அரைஞாண் கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி, இன்னொரு காதில் பெயர் சொல்கிற நாள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. அதாவது, நான்!

என்ன பெயர்? எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறுமுகம். எங்கள் அப்பா. முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழிவழியாக வருவதுதானே?

அப்பா போன பிறகு அவர் பெயர் ஒவ்வொரு இடமாகக் காணாமல் போனது. கரண்ட் பில்லில் மாற்றினோம். கேஸ் புக்கில் மாற்றினோம். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது பெயர்ப் போர்டையும் கழற்றினார்கள். இந்தப் பிள்ளையிடமாவது அந்தப் பெயர் மிஞ்சட்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பா?

தம்பி மனைவி ரோகிணிக்கு வேறு ஆசை. இனியன்.

"மைனி, மாமாவ எனக்குப் பிடிக்காமலா? மேட மாசத்துச் சூட்டுலயும் ஃபேன் போட விடமாட்டாரு. காத்து காதுல ஏறும்பாரு. நான் ஒரு வார்த்த சொல்லிருப்பேனா? ஆனா நாளைக்கு இவன் சாம்பாரத் தட்டி விட்டா, ‘லேய் ஆறுமுகம்’னு நான் எப்படி ஏசுகது? மேல போட்டோல மாமா பாத்துக்கிட்டு இருப்பாரே!"

"ஏசாம வளத்தாப் போச்சு," என்றேன்.

"பின்னே! நடக்குற காரியமா மைனி?"

அதற்குப் பிறகு ரெண்டு நாள் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தம்பியோ, "அக்கா, காதுல சொல்லப் போறது நீ. நீ பாத்துச் செய்," என்று நழுவிவிட்டான். ஆண்பிள்ளைகள் இந்தக் கலையை எங்கே கற்கிறார்களோ!

இந்த நிலைமையில்தான் நான் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

அம்மாடி! வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பில் வட்டமாக ஒரு பெரிய பள்ளம். சுற்றிலும் கரை எடுத்தது போல மதில். நட்டநடுவில் கூராக ஒரு சின்ன மலை. தெப்பக்குளமும் நடுமண்டபமும் மாதிரியே இருந்தது. மண்டபத்தின் நிழல்கூடத் தெரிந்தது. குளத்தில்தான் தண்ணீர் இல்லை.

"அதுக்கு ஒரு பழைய ராஜாவோட பேரு," என்றார் விஜயகுமார் சார். "நட்சத்திரக் கணக்குப் போட ஆளு வச்சுச் செலவாக்கின ராஜா."

"யாரு பேரு வேணும்னாலும் வைக்கலாமா சார்?"

"அய்யோ, பாடில்லா, கூடாது! அதுக்கெல்லாம் சட்டம் உண்டு. பெரிய குழிக்குப் பெரிய ஆளுக பேரு. அதும் ஆளு மரிச்சுக் கொஞ்சம் வருஷம் கழியணும். பக்கத்துல உள்ள குழிக்கு அதே பேரு, கூட ஒரு எழுத்து. ஏ, பி, சி..."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறந்தவர் பெயர், கூடவே இனிஷியல்! நிலாவே என் கட்சி. அதிலும் பெயர் முன்னால், எழுத்து பின்னால்... சுத்தமான கேரளா முறை. பின்னால் நின்ற ரோகிணியை ஒரு பார்வை பார்த்தேன். அவள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஜயகுமார் சார் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஆனா தீரச் சின்னக் குழிக்கு அந்தச் சட்டம் இல்ல. அதுக்கு வெறும் பேரு மதி, அது போதும். இந்த ராஜா குழிக்குள்ளயே ஒரு குஞ்ஞு குழி இருக்கு. நம்ம டெலஸ்கோப்புக்கு எட்டாது. அதுக்குப் பேரு, ரவி."

க்யூவே திரும்பி, ரோகிணி பக்கத்தில் நின்ற என் தம்பியைப் பார்த்தது. ஏனென்றால் அவன்தான் ரவி.

"நான் அங்க இடமே வாங்கலியே சார்!" என்றான் அவன். "எந்த ரவி அது?"

"ஒரு ரவியும் இல்ல. வெறுதே ரவி! இந்தியாவுல உள்ள ஒரு பேரு. அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... பாதியில் நின்றுவிட்டது.

தம்பிக்கு சர்ட்டிபிகேட்டில் பெயர் சிதம்பரதாணு. எங்கள் தாத்தா பெயர். எங்கள் அம்மா மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, "பையன் பேரென்ன?" என்று டீச்சர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்ல அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது!

அதனால்தான் அவளே எங்கிருந்தோ ஒரு பெயரைக் கண்டுபிடித்தாள். ரவி. எங்கள் வம்சத்தில் அப்படி ஒருவரும் கிடையாது. கூப்பிட, கொஞ்ச, ஏச, சாப்பாட்டுக்கு அழைக்க... வெறுதே ரவி. சிதம்பரதாணுவை இன்றைக்குக் கூரியர்காரர் மட்டும்தான் கூப்பிடுகிறார்.

ஆறுமுகத்துக்கும் அந்தக் கதிதான் வரப்போகிறதா? யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயருக்காகவா நான் ரெண்டு நாளாக மல்லுக்கு நிற்கிறேன்?

மறுநாள் காலை. பிள்ளை என் மடியில். ஒரு காதில் வெற்றிலை. ரோகிணி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெண் போல. பொய் சொல்வானேன், அந்த நொடியில்கூட அப்பாவின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது.

குனிந்து சொன்னேன். "இனியன்... இனியன்... இனியன்."

ரகசியமாகச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் ரோகிணிக்குக் கேட்கும்படி சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "மைனி..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

மத்தியானம் விருந்தாளிகள் போன பிறகு பிள்ளை அழ ஆரம்பித்தான். பால் வேண்டாம். தொட்டில் வேண்டாம். தோளும் வேண்டாம். தற்செயலாகக் கரண்ட் போய் ஃபேன் நின்றது. அழுகையும் நின்றது. கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, மறுபடியும் வீல்! ரோகிணி எழுந்து ஃபேனை நிறுத்தினாள். பிள்ளை கப்சிப்.

அவள் மேலே போட்டோவைப் பார்த்தாள். "லேய் இனியா! நீ அப்படியே ஆறுமுக மாமாதாம்ல!" என்றாள் சத்தமாக.

தம்பி சட்டையைக் கழற்றினான். நான் விசிறியைத் தேடினேன். பெயர்தான் புதிது... வியர்வை அதே பழைய வியர்வை!