என் மகள் எழுதிய விளையாட்டு நாவலும் அதைப் படித்தவர்களும்

வாடகை நூலகம் நடத்துகிறவனுக்கு ஊரெல்லாம் பழக்கம் இருக்கும், உட்கார்ந்து பேசத்தான் ஒரு ஆள் இருக்காது. வருகிறவர்கள் புத்தகத்தை மாற்றிக்கொண்டு ஓடுவதிலேயே குறியாக இருப்பார்கள். கடை போட்டு உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கட்டு இறக்கி, திட்டு வாங்கித் தொழில் கற்று, முத்தியால்பேட்டையில் சொந்தமாக நூலகம் வைத்தேன். பேரத்தில் என்னை ஜெயித்த ஆள் குறைவு. கோபத்திலும் அப்படித்தான். அந்தக் கோபத்தில்தான் என் ஒரே மகளைத் தொலைத்தேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யார் யாருடனோ ஆன்லைனில் விளையாடுகிறாள் என்று எவனோ சொல்ல, நேராக அங்கே போய், அத்தனை பேர் முன்னால் கத்தி, கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அவள் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நடுவில் புகுந்து சமாதானம் செய்ய ஆளில்லை. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனவள் நாலு வருஷமாக ஒரு போன்கூடப் பண்ணவில்லை. நான் பண்ணினால் எடுப்பதில்லை. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க நான் பட்ட பாடுதான் இது.

சும்மா வந்த புத்தகம்

பழைய புத்தகம் வாங்க மொத்த வியாபாரி ஒருவரிடம் போவேன். அன்றைக்கு ஒரு கட்டு நாவலுக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றேன். ரெண்டு தரம் கோபித்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அவர் அலுத்துப்போய், “இந்தா, கம்ப்யூட்டர்ல ஆடுற கதையாம், விஞ்ஞானம்னு போட்டிருக்கு. ஒருத்தனும் தொடல. இதையும் சேத்து எடுத்துக்கினு கிளம்பு” என்று ஒரு புதுப் புத்தகத்தைக் கட்டின் மேல் போட்டார்.

‘பதினோராம் நகரம்’ என்று பேர். பின் அட்டையைத் திருப்பினேன். என் மகள் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அவள் கண்ணாடி போட்டதே எனக்குத் தெரியாது. பெயருக்கு முன்னால் இருந்தது அவள் அம்மாவின் இனிஷியல். வியாபாரி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னாய்யா, சும்மா குடுத்தாகூட உனக்கு மூஞ்சி மலராதா?”

ரெண்டாம் பக்கம்

முதலில் எடுத்துப்போனவர் சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கும் ஏழுமலை. பஸ்ஸில் போக வர ஒரு மணி நேரம், அதில் படித்துத் தீர்ப்பவர். நான் படிக்கவில்லை. பிரிக்கவே கை வரவில்லை. அதனால் அவர் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளலாம் என்று, வழக்கத்துக்கு மாறாக ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, “கதை எப்படிப்பா?” என்றேன்.

இன்னும் ஐம்பது வருஷம் கழித்து நடக்கிற கதை என்றார். ஒரு பெண் ஆன்லைன் விளையாட்டுக்குள் இருக்கும் நகரத்துக்குப் போகிறாள். அங்கே படகு ஓட்டுகிறாள், நம்ம நோணாங்குப்பம் போட் ஹவுஸ் மாதிரியே ஒரு துறை. அப்புறம் வெளியே வர அவளுக்கு மனசில்லை. “வீட்ல யாரும் தேட மாட்டாங்களா? அப்பா கிப்பா?” என்று மெதுவாகக் கேட்டேன். ஏழுமலை டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். “அப்பன் ரெண்டாவது பக்கத்துலயே செத்துட்டான்ணே. அதுக்கப்புறம் கதை ஜோராப் போவுது.”

விசா கேட்ட பெரியவர்

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, எல்லோருக்கும் அவர் மிசியேதான். பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். இவர் மட்டும் இங்கே ஒரு பெரிய வீட்டைப் பூட்டித் திறந்துகொண்டிருக்கிறார். துப்பறியும் கதை கேட்டவரிடம் வம்பாக இந்த நாவலைத் திணித்தேன். மூணாம் நாள் தொப்பியும் குடையுமாக வந்து நின்றார்.

“இந்தப் பதினோராம் நகரத்துக்குப் போகணும்னா எந்தக் கொன்சுலாவுல விசா குடுக்கறாங்க?” என்றார். எனக்குச் சுர்ரென்றது. கதையில் வரும் ஊருக்கு விசாவா, வயசானால் படிக்கிற லட்சணம் இதுதானா என்று கத்தியே விட்டேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நான் முடிக்கிறவரை நின்றார். அப்புறம் சொன்னார்: “ஞாயித்துக்கெழம புள்ளைக்குப் போன் போட்டேன். ‘அவரு கேம்ல இருக்காரு, பிறகு பேசுங்க’ன்னு மருமக வச்சுட்டா. அதான், அங்கயாவது போய்ப் பாக்கலாம்னு கேட்டேன்.”

பதினொரு பாராட்டுகள்

என் நூலகத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. வாசகர்கள் ஓரத்தில் கிறுக்கிப் பக்கத்தைப் பாழாக்குகிறார்கள் என்று, ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி வைப்பேன். கருத்தை அதில்தான் எழுத வேண்டும். மகளோடு பேச இது ஒரு வழி என்று தோன்றியது. நல்லதாக நாலு வரி எழுதினால் ரெண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு வரிதான் எழுதுவேன் என்றவர்களுக்கு ஒரு நாள். நானே வாசகம் சொல்லியும் கொடுத்தேன். பதினொரு பேர் எழுதியதும் தாளைக் கிழித்துப் பதிப்பகத்தின் முகவரிக்கு, நாவலாசிரியர் பார்வைக்கு என்று அனுப்பினேன். கீழே ‘நூலகர்’ என்று மட்டும் போட்டேன். தாளில் குத்தியிருக்கும் கடை முத்திரையைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு கார்டு வந்தது. ‘பதினொரு பேரும் ஒரே ஆள் பேசுவது போல எழுதியிருக்கிறார்கள். பேரம் பேசி வாங்கிய பாராட்டு எனக்கு வேண்டாம்.’ அவ்வளவுதான், கையெழுத்துகூட இல்லை. அந்த நேரம் பார்த்து பிலோமினா டீச்சர் புத்தகம் மாற்ற வந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதியவர்களில் அவரும் ஒருவர். “உங்களால வந்தது, நாலு வரிய மாத்தி மாத்தி எழுதத் தெரியாதா?” என்று அவர் மேல் பாய்ந்தேன். டீச்சர் கார்டை வாங்கிப் படித்தார். நாவலின் பின் அட்டைப் படத்தைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். என்ன புரிந்ததோ, அமைதியாகக் கேட்டார்: “எங்க எல்லாரு கருத்தையும் அனுப்புனீங்களே, நீங்க படிச்சீங்களாண்ணே?”

நானும் ஒரு வாசகன்

அன்று மத்தியானமே கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ரெண்டாம் பக்கத்தில் நான் செத்தேன். செத்த விதம் ஒன்றும் மோசமில்லை, தூக்கத்தில் போகிறேன். அதைத் தாண்டி முப்பது பக்கம் போவதற்குள் தலை சுற்றியது. அந்த நகரத்தில் ஒரு விதி. விளையாடுகிறவர் எழுந்து போய்விட்டாலும் அவருடைய உருவம் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்குமாம். எனக்குப் புரியவில்லை. புரியாததை அப்படியே ஒரு கார்டில் எழுதிப் பதிப்பகத்தின் அதே முகவரிக்கு அனுப்பினேன்: ‘அம்மா, அந்த உருவத்துக்கு ஆள் போனது தெரியுமா, தெரியாதா? பக்கம் முப்பத்திரண்டு.’ பாராட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. கடை போன் நம்பரை மட்டும் கீழே போட்டேன், அவள் சின்ன வயசிலிருந்து மனப்பாடமாய்ச் சொல்லும் அதே நம்பர்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. “முப்பத்திரண்டாம் பக்கம் கேட்டிருந்தீங்க” என்று ஆரம்பித்தாள். வணக்கம் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. நானும் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. உருவத்துக்கு எதுவும் தெரியாது, ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம், ஆள் திரும்பி வந்தால் அதெல்லாம் எழுத்தில் காத்திருக்கும் என்று பொறுமையாக விளக்கினாள். நடுவில், “கம்ப்யூட்டர் தொட்டதில்லைன்னா இது கொஞ்சம் கஷ்டந்தான்” என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் ரிசீவர் உடைந்திருக்கும். “ஆமாங்கம்மா, நீங்க சொல்லுங்க” என்றேன். கடைக்கு வந்த ரெண்டு பேரைக் கையைக் காட்டியே வெளியே அனுப்பினேன். இருபது நிமிஷம் பேசினாள். வைக்கிறதுக்கு முன்னால் சொன்னாள்: “இன்னும் புரியாத எடம் இருந்தா குறிச்சு வைங்க, அடுத்த ஞாயித்துக்கெழம கூப்பிடறேன்.”

இருநூறு பக்க நாவலில் நான் இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை, வாரத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எனக்குப் புரிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.