அக்காவின் இடப்பக்கக் கழுத்து

என் அக்காவின் கழுத்து மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. அழகான கழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். இடப்பக்கம் எலுமிச்சங்காய் அளவு கட்டி வந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்துக் கரைத்த கழுத்து. அந்தப் பக்கத் தோல் கறுத்து விறைத்துக் கிடக்கும்.

அவளை டோலி கட்டி மலையிலிருந்து இறக்கியபோது அடிவாரத்து முள்ளுக்குறிச்சி வரை பின்னாலேயே ஓடினேன். அங்கே அப்பா அவளோடு வண்டியேறிக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து வந்தவள் ரயிலைப் பார்த்திருந்தாள், கடலைப் பார்த்திருந்தாள். செம்மேட்டுச் சந்தையில் அவள் கழுத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும். வீட்டில் அவளுக்குச் சுமை கிடையாது, வெயில் கிடையாது. பலா அறுத்தால் முதல் சுளை அவளுக்கு. எனக்கும் ஒரு கட்டி வரக்கூடாதா என்று கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தவள் நான்.

பத்து வருஷம் போயிற்று. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். ஒரே உரலில் இருவரும் மாற்றி மாற்றி உலக்கை போட்டுச் சாமை குத்துவோம். அந்தத் தை மாதம் அவள் உலக்கை தப்பத் தொடங்கியது. என் உலக்கையில் மோதும், இல்லையென்றால் உரல் விளிம்பில் விழும். வலது கை மரத்துப்போகிறது என்பாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஒருநாள் பேச்சும் குழறிச் சரியாயிற்று. அது உடனே சரியானதைப் பார்த்துத்தான் எல்லாம் நடிப்பு என்று எனக்கு வயிறெரிந்தது. சீராட்டிலேயே பழகியவள் மறுபடி டோலிக்கு அடிபோடுகிறாள் என்று மாமியாரிடம் போட்டுக்கொடுத்தேன்.

ஒரு காலையில் உலக்கையைச் சாத்திவிட்டு, "கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டீங்குது கண்ணு," என்றாள்.

"நடிக்காமக் குத்துக்கா," என்றேன்.

குத்தினாள். நாலாவது குத்தில் உரல் மேலேயே சரிந்தாள். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று.

மறுபடி டோலி. இந்த முறை சேலம் வரை நானும் போனேன். டாக்டர் அவள் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தார்; பிறகு என் விரலையும் பிடித்து வைத்தார். வலப்பக்கம் நாடி துடித்தது. கறுத்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கட்டியைச் சுட்ட ரேடியம் பக்கத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயையும் சுட்டிருக்கலாம், அது இத்தனை வருஷமாக மெல்ல மெல்ல அடைத்திருக்கலாம் என்றார். இடப்பக்க மூளைதான் வலது கையையும் பேச்சையும் ஆட்டிவைக்கிறதாம். கை மரத்தபோதே அவளைப் படுக்க வைத்திருக்க வேண்டுமாம்.

அவர் நகர்ந்ததும் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நன்றாகத் துடித்தது. அக்காவிடம் இல்லாத ஒன்று முதல்முறையாக என்னிடம் இருந்தது. அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.