வரப்புக் கட்டிய சட்டி

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு செடி உண்டு. பகலெல்லாம் இலைகளை விரித்துப் போட்டுக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் அத்தனை இலைகளையும் மேலே தூக்கிக் கைகூப்பி நிற்கும். கடையில் கலாத்தியா என்கிறார்கள். என் மனைவி கும்பிடு செடி என்பாள். இந்த வீட்டில் அவளைப் பார்த்துக் கும்பிடுவது நான் ஒருவன் மட்டுமில்லை என்பதில் எனக்கும் ஓர் ஆறுதல்.

இதன் தாய்ச்செடி மலைமேலே காந்தலூரில் என் கொழுந்தியாள் வீட்டில் இருந்தது. போன பனிக்காலத்தில் கருகிப் போயிற்று. அவள் புது வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்தபோது அக்காளிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தச் செடி புது வீட்டு ஜன்னலில் இருக்க வேண்டும். அந்த வம்சத்தில் மிச்சம் எங்கள் வீட்டுச் சட்டி மட்டுமே. பிரித்து நடுகிற அளவுக்கு அது பெருகவுமில்லை. முழுசாகவே கொடுத்துவிடுவது, பிறகு கன்று விட்டால் வாங்கிக்கொள்வது என்று அக்காளும் தங்கையும் முடிவு செய்தார்கள்.

மனைவி உதவிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "ஏனுங்க, புதுச் சட்டியில மாத்தி எடுத்துட்டு வாங்க. நம்ம மண்ணைப் போட்றாதீங்க. பீட் மாஸ் வாங்கி, நர்சரியில சொல்றதைக் கலந்து நடுங்க. கேட்டுச்சுங்களா?"

நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

பாலக்காட்டு நர்சரியில் மூட்டைகள் வரிசையாக இருந்தன. தேங்காய் நார்த்தூள் ஒரு பக்கம், எல்லாம் கலந்த ரெடிமேட் மண் ஒரு பக்கம், ஏதோ குளிர்நாட்டுச் சதுப்பில் வெட்டியெடுத்த பீட் மாஸ் ஒரு பக்கம். தென்னந்தோப்புக்கு நடுவில் குடியிருக்கிறவன் கப்பலேறி வந்த மண்ணை வாங்கலாமா என்று கொஞ்ச நேரம் கொள்கை ரீதியாக யோசித்தேன். பிறகு மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. கொள்கை போய்விட்டது.

"அகத்து வெக்கான் ஆணோ சேட்டா?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண். வீட்டுக்குள் வைக்கத்தான் என்றேன். உடனே வெள்ளை வெளேரென்று பொரி மாதிரி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பெர்லைட்டாம். தண்ணீர் வடிய இதைக் கலந்தே ஆக வேண்டுமாம். எனக்கு அது உடைந்த தெர்மாகோல் போலத் தெரிந்தது. அரிசியில் கல் பொறுக்குகிற குடும்பத்தில் பிறந்தவன் காசு கொடுத்துக் கல்லை வாங்கிக் கலப்பானா? வேண்டாம் என்று பீட் மாஸ் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீடு என் மச்சானுடையது. மனைவிக்கு அண்ணன். சித்தூர்ப் பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறவர். மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க மாப்ள, எடையே இல்ல? டீத்தூளை ஏமாத்திக் குடுத்துட்டாங்களா?"

சட்டியில் கொட்டிச் செடியை நட்டுத் தண்ணீர் விட்டோம். விட்ட தண்ணீர் அப்படியே ஓரமாக இறங்கி அடித்துளை வழியே வெளியே ஓடிற்று. மேலே தூள் உலர்ந்தபடியே கிடந்தது. இன்னொரு சொம்பு விட்டேன். அதுவும் வந்த வழியே போயிற்று. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நெல் விளைகிற ஊர்க்காரனால் முடியாது.

"நண்டு வளையாட்ட இருக்குதுங்க மாப்ள. அடைச்சாகோணும்."

வரப்பில் நண்டு வளை தோண்டிவிட்டால் வயல் தண்ணீர் ஒரே நாளில் வடிந்துவிடும். களிமண்ணை உருட்டித் திணித்து, மிதித்து, மெழுகிவிட வேண்டும். அதில் மச்சான் கெட்டிக்காரர். கோடைக்கு வயலில் அடிக்கக் குளத்து வண்டல் குவித்து வைத்திருந்தார். ஒரு வாளி கொண்டுவந்தார். பீட் மாஸோடு பாதிக்குப் பாதி பிசைந்தோம். வலுவுக்குக் கொஞ்சம் சாணி. மிதிக்கச் சட்டியில் கால் நுழையவில்லை, ஆகவே முஷ்டியால் குத்தினோம். கடைசியில் மேலே நீவி வழவழவென்று மெழுகினார். தண்ணீர் விட்டோம். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. குளம் மாதிரி நின்றது.

"இப்பத்தான் சட்டி" என்றார் மச்சான். நானும் பெருமையோடு கை கழுவினேன்.

இரண்டொரு நாளில் செடி கும்பிடுவதை நிறுத்திவிட்டது.

மாலையில் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். இலைகள் தூக்கவில்லை. விளிம்புகள் பீடி மாதிரிச் சுருண்டிருந்தன. நெட்டில் தேடினேன். விளிம்பு சுருண்டால் தண்ணீர் போதவில்லை என்றது. அடுத்த வரியில் தண்ணீர் அதிகம் என்றது. அதற்கும் அடுத்த வரியில் உங்கள் வீட்டுக் காற்று சரியில்லை என்றது. ஈரத்துணியைச் செடிக்குப் பக்கத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டு நான் வேர்த்து உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில், "உடம்புக்கு என்ன சார், சுருண்டு போய்ட்டீங்க" என்றார்கள். நோய் எனக்கும் தொற்றிவிட்டதென்று தெரிந்தது.

தினமும் சாயங்காலம் மனைவி வீடியோவில் வருவாள். "செடியைக் காட்டுங்க" என்பாள். பக்கத்தில் கொழுந்தியாளும் எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் நெட்வொர்க் இல்லை என்றேன். மறுநாள் கரண்ட் இல்லை என்றேன், தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்க. மூன்றாவதாகச் சொல்லப் பொய் கிடைக்கவில்லை. தையல் பெட்டியைத் திறந்து பச்சை நூலை எடுத்தேன். இலைகளை மெல்லத் தூக்கிச் சேர்த்து, தண்டோடு சுற்றி முடிச்சுப் போட்டேன். கும்பிட்டது. காமிராவைத் தள்ளிப் பிடித்துக் காட்டினேன்.

"அய்யோ, எவ்ளோ அழகா நிக்குது" என்றாள் கொழுந்தியாள். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில், பால் காய்ச்ச எங்கள் பெரிய வெண்கல உருளியை எடுத்து வரச் சொல்லக் கூப்பிட்டாள் மனைவி. பல் தேய்த்தபடியே எடுத்தேன். எனக்குப் பின்னால் மேஜைமேல் சட்டி.

"ஏனுங்க, காலையிலயும் கும்பிடுது?"

"பக்தி முத்திருச்சு."

"தண்டுல பச்சையா என்னமோ தொங்குது?"

"வேர்."

"மேலயா?"

வாயில் பேஸ்ட் நுரை இருந்ததால் யோசிக்க அவகாசம் கிடைத்தது. போய்த் துப்பிவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளி வண்டல், சாணி, நண்டு வளை, நூல். செத்தோம் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு முட்டுகிற மாதிரி ஓர் ஓசை. சிரிக்கிறாள். கொழுந்தியாள் அவளிடமிருந்து போனை வாங்கிக் கீழே போட்டுவிட்டாள் போல, கொஞ்ச நேரம் காந்தலூர் வானம்தான் தெரிந்தது.

சிரித்து முடித்ததும் மனைவி வேலையில் இறங்கினாள். "அண்ணனைக் கூப்பிடுங்க. சட்டியைக் கவுத்துங்க."

கவிழ்த்தோம். சட்டியின் அச்சு அப்படியே கட்டியாக வந்து விழுந்தது. "இட்லியாட்ட வந்திருச்சுங்க" என்று மச்சான் அதிலும் பெருமைப்பட்டார்.

"நெல்லு தண்ணிக்குள்ள நிக்குங்ணா. இது வேரு மூச்சு விடோணும்" என்றாள் மனைவி போனுக்குள்ளிருந்து.

"நம்ம வண்டலை இதுவரைக்கும் ஒரு நெல்லும் குத்தம் சொன்னதில்ல" என்றார் அண்ணன். ஆனாலும் தொட்டித் தண்ணீரில் அவர்தான் வேரைக் கழுவினார், குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுகிற பதத்தில். சில வேர்கள் பழுப்பாகக் குழைந்திருந்தன. அவற்றை நறுக்கிவிட்டோம். மீதி வெள்ளையாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தபின்தான் எனக்குக் காலை டீ இறங்கிற்று.

பெர்லைட்டுக்காக மறுபடி நர்சரிக்குப் போனேன். நான் கையை நீட்டுவதற்கு முன்பே கடைக்காரப் பெண் பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

மனைவி சொல்லச் சொல்லக் கலந்தோம். காய்ந்த பீட் மாஸ் தண்ணீரைத் தொடவே தொடாதாம். ஓடிப் போனதற்குக் காரணம் நண்டு அல்ல. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைய வேண்டும்.

"எந்தப் பதத்துக்கு?"

"புட்டு மாவு. பிடிச்சா பிடியோணும், தொட்டா உதிரோணும்."

இப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை கூத்து வேண்டியதில்லை. சொல்லியிருப்பாள், நான் தலையாட்டியிருப்பேன். புட்டு மாவு மாதிரி நனைந்ததில் பாதியளவுக்குப் பெர்லைட், ரைஸ் மில்லில் வாங்கிக் கழுவிய உமிக்கரி ஒரு கை. பீட் மாஸுக்குப் புளிப்பு அதிகம் என்று சுண்ணாம்பும் போடச் சொன்னாள். மச்சான் கரண்டியை எடுத்தார்.

"வெத்தலைக்குத் தடவற அளவு போதுங்ணா."

கரண்டி கீழே போயிற்று. நட்டு, குத்தாமல், சட்டியை லேசாகத் தட்டி மட்டும் விட்டோம். தண்ணீர் ஊற்றினேன். நின்று, ஊறி, நிதானமாக அடியில் வடிந்தது. மச்சான் கை முஷ்டியாக மடங்குவதைப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் செடி கும்பிடவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. கும்பிடாத செடியோடுதான் மச்சான் காரில் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போகும்போது சட்டி என் மடியில். சின்னாறு காட்டுச் செக்போஸ்ட்டில் வனக்காவலர் எட்டிப் பார்த்து, "என்னது இது?" என்றார். அவர் கேட்டது என் மடியில் இருந்த சட்டியைத்தான். நான் பதற்றத்தில் பீட் மாஸ், பெர்லைட், உமிக்கரி, சுண்ணாம்பு என்று வரிசையாக ஒப்பித்து, "இப்ப சாணி இல்லைங்க" என்று முடித்தேன். அவர் மச்சானை ஒரு பார்வை பார்த்து, போங்க என்று கைகாட்டினார்.

காந்தலூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. புது வீடு பெயின்ட்டும் அந்த ஊரில் விளைகிற பூண்டுமாக மணத்தது. கொழுந்தியாள் சட்டியை வாங்கி ஜன்னலில் வைத்தாள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கதை எனக்கு முன்பே மலையேறியிருந்தது. நான் டீ டம்ளரை வாங்கிக்கொண்டு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"மாப்ள" என்றார் மச்சான், சன்னமாக.

திரும்பிப் பார்த்தேன். நடு இலை ஒன்று படுத்த நிலையிலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. காற்று என்று நினைத்தேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஆறிப் போவதற்குள் இன்னும் இரண்டு எழுந்தன. ஓரத்துச் சுருண்ட இலை மட்டும் அசையவில்லை. அது எங்கள் கைவேலை. மற்றவையெல்லாம் வெளியே இருட்டுவதற்குள் கைகூப்பி நின்றன. மனைவி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினால் அவளுக்கு மூக்கு சிவக்கும், சிவந்திருந்தது.

கொழுந்தியாள் மட்டும் நம்பவில்லை. குனிந்து, ஒவ்வொரு தண்டையும் சுற்றி விரலை விட்டுத் தடவித் தேடினாள்.

"நூலை எங்கீங்க மாமா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"