இரண்டரை வருஷம் முன்னால் வந்த எண்பது

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. டெக்ஸாஸில், கேட்டியில் மூட்டம், ஒன்பது டிகிரி, தூறல். என் சிறுகுடலில் முப்பத்தெட்டு சென்டிமீட்டரை வெட்டியெடுத்த பதினெட்டாம் நாள், டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கூடவே எடுத்த பதினான்கு நிணநீர்க் கணுக்களில் ஐந்தில் புற்றுநோய் இருந்தது.

இந்தக் குடலில் வருவது அபூர்வம், இதற்கென்று சோதித்த மருந்து குறைவு, பெருங்குடலுக்குக் கொடுப்பதைத்தான் கொடுப்போம் என்றார் அந்த அம்மாள். எவ்வளவு காலம் என்று தெரிய வேண்டுமா என்று என்னைக் கேட்டார்.

மகன் முந்திக்கொண்டான். அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம், என்னிடம் சொல்லுங்கள் என்றான். முப்பத்தாறு வருஷம் கணக்குத் தணிக்கை செய்தவன் நான். ஆனால் வெளியாள் எதிரில் மகனை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. தலையாட்டினேன். அவர்கள் வெளியே போய்ப் பேசினார்கள்.

காரில் கேட்டேன். "எத்தனை வருஷம்னாங்க?"

"ஹைவேல ஏறிட்டிருக்கேன்பா, கொஞ்சம் இருங்க."

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான். "ஏப்ரல்ல உங்க எண்பதாம் கல்யாணத்தை வெச்சுடலாம்பா. ஹால் புக் பண்ணிட்டேன்."

எனக்கு எழுபத்தெட்டு முடிந்து இரண்டு மாதம். ஆயிரம் பிறை கணக்குக்கு எண்பது வருஷமும் எட்டு மாதமும் ஆக வேண்டும்.

"இன்னும் ரெண்டரை வருஷம் இருக்கேடா."

"அப்புறம் ஹால் கிடைக்காதுப்பா."

"ரெண்டரை வருஷத்துக்கா?"

மருமகள் ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள். டாக்டர் சொன்னது எனக்குத் தெரிந்துவிட்டது.

கேன்சல் பண்ணு, இருந்தால் நாள் வந்ததும் பண்ணிக்கொள்ளலாம் என்றேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. நான் தனியாவா மணையில உட்கார முடியும்? ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் போய் அட்சதை போட்டாச்சு. எனக்கும் ஒரு தடவை மாலை போட்டுக்கிட்டு உட்காரணும்."

புடவைகூட ஆர்டர் பண்ணியாகிவிட்டதாம். என்ன நிறம் என்று கேட்டேன். அரக்கு என்றாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

நான்காவது கீமோ முடிந்த வாரம் மணையில் உட்கார்ந்தேன். அந்த மருந்து ஏறியவனுக்குக் குளிர்ந்தது எது பட்டாலும் ஊசி குத்தும். கலசத் தண்ணீரைச் சூடு பண்ணக் கூடாது என்றார் குருக்கள். ஒன்பது குடம் ஊற்றினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைச் சிரிப்பு என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

"நூறாவதுக்கும் மறக்காம கூப்பிடுங்க அங்கிள்" என்றான் மகனின் நண்பன்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். ஹால், சமையல், குருக்கள், அரக்குப் புடவை எல்லாம் சேர்த்து, என் கணக்கிலிருந்து, ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து டாலர்.